பழைய சோறு

பழைய சோறு என்பது முதல் நாள் சமைத்து எஞ்சிய சோற்றை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, மறுநாள் காலையில் உண்ணும் உணவு ஆகும். இது பழையது, பழஞ்சோறு எனவும், அதன் நீர் நீராகாரம் எனவும் அழைக்கப்படுகின்றது. குளிர்சாதனப் பெட்டியோ மீண்டும் சூடாக்கலோ இன்றிச் சோற்றைச் சேமிக்கும் வீட்டு முறையாக இது விளங்குகின்றது. தமிழ்நாட்டின் பல பகுதிகளிலும், குறிப்பாக நெல் விளையும் காவிரிப் படுகையிலும், கோடியக்கரை வரையிலான அதன் கடலோர ஊர்களிலும் இவ்வுணவு வழக்கில் உள்ளது. வயல் வேலைக்கும் மீன்பிடிக்கும் செல்வோரின் காலை உணவாக இது அறியப்படுகின்றது.

செய்முறை

இரவு உணவிற்குப் பின் எஞ்சிய சோறு ஆறவைக்கப்பட்டு, மண்பானையிலோ வேறு பாத்திரத்திலோ இடப்பட்டு, சோறு மூழ்கும்படி நீர் ஊற்றி மூடப்படுகின்றது. மண்பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாவதால் உள்ளிருக்கும் சோறு சற்றுக் குளிர்ச்சியாக இருக்கும். காலையில் உப்பும் மோரும் சேர்த்துப் பிசைந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், ஊறுகாய் அல்லது சுட்ட கருவாட்டுடன் உண்பர். முதல் நாள் குழம்பைச் சுண்டவைத்துத் தொட்டுக்கொள்வதும் உண்டு. குழம்பு மீண்டும் அடுப்பேறினாலும் சோறு சூடாக்கப்படுவதில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

இதற்குப் புழுங்கல் அரிசிச் சோறே விரும்பப்படுகின்றது. நெல்லை அவித்து உலர்த்தும்போது அரிசியின் மாவுப்பொருள் இறுகுவதால், இதன் பருக்கைகள் நீரில் எளிதில் குழைவதில்லை. பச்சரிசிச் சோறு விரைவில் குழைந்துவிடும்.

நொதித்தல்

சோற்றிலும் நீரிலும் பாத்திரத்திலும் இயல்பாக உள்ள லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் இரவில் பெருகி, மாவுப்பொருளின் ஒரு பகுதியை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. பழைய சோற்றின் இளம் புளிப்பிற்கு இதுவே காரணம். அமிலத்தன்மை கூடும்போது உணவைக் கெடுக்கும் பல நுண்ணுயிர்களின் வளர்ச்சி தடைப்படுகின்றது. தயிர், இட்லி மாவு ஆகியவற்றிலும் இதே செயல் நிகழ்கின்றது. எனினும் அமிலம் உருவாகச் சில மணி நேரம் தேவைப்படுகின்றது. அதற்குமுன் சோறு எவ்வாறு வைக்கப்பட்டிருந்தது என்பதைப் பொறுத்தே அதன் பாதுகாப்பு அமைகின்றது.

நச்சுத்தன்மையும் சூடாக்கலும்

மண்ணில் வாழும் பேசில்லசு சீரியசு என்னும் பாக்டீரியா அரிசியில் பரவலாகக் காணப்படுகின்றது. இதன் வித்துகள் சோறு கொதிக்கும் வெப்பத்திலும் அழிவதில்லை. சமைத்த சோறு வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடந்தால் வித்துகள் முளைத்துப் பெருகி, செரியுலைடு என்னும் நச்சுப்பொருளை உருவாக்கக்கூடும். இதனை உண்டவருக்குப் பொதுவாக அரை மணி முதல் 6 மணி நேரத்திற்குள் குமட்டலும் வாந்தியும் ஏற்படும்.

இந்நச்சுப்பொருள் 121 பாகை செல்சியசு வெப்பத்தையும் தாங்கக்கூடியது. எனவே அதிக நேரம் வெளியில் கிடந்த சோற்றை எவ்வளவு சூடாக்கினாலும் அது பாதுகாப்பானதாகிவிடாது. நச்சு உருவான சோற்றில் வாடையோ சுவை மாற்றமோ தெரியாமலும் இருக்கலாம். ஊசிப்போன சோற்றை மூக்கால் அறியலாம். ஆனால் ஊசாத சோறெல்லாம் நல்ல சோறு என்று கொள்ளலாகாது.

1970களின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் சீன உணவகங்களின் வறுத்த சோற்றை உண்ட பலர் இவ்வகை நஞ்சேற்றத்திற்கு ஆளாகினர். குளிரூட்டினால் பருக்கைகள் ஒட்டிக் கட்டியாகும் என்பதால், அங்கு வேகவைத்த சோறு நெடுநேரம் வெளியில் வைக்கப்பட்டுப் பின்னர் வறுக்கப்பட்டது.

ஒட்டும் அரிசி

மாவுப்பொருளில் அமைலோசு, அமைலோபெக்டின் என இரு கூறுகள் உள்ளன. ஒட்டும் அரிசியில் அமைலோசு மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். செட்டிநாட்டின் கவுனி அரிசி, அசாமின் பரா அரிசி ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. இவை தமிழகத்தில் பெரும்பாலும் பழைய சோறாக அன்றி இனிப்பாகவே உண்ணப்படுகின்றன. தேங்காய் சேர்த்த கவுனி அரிசி விரைவில் கெடும்.

குளிர்சாதனப் பெட்டியில் வைத்த சோறு விறைப்பதற்கு, மாவுப்பொருளின் மூலக்கூறுகள் மீண்டும் நெருங்கி ஒழுங்கடைவதே காரணம். ஒட்டும் அரிசியில் இம்மாற்றம் மெதுவாக நிகழினும் அதுவும் நாளடைவில் இறுகும். சிறிது நீர் தெளித்து, இட்லிப் பாத்திரத்தில் ஆவியில் வேகவைத்தால் இருவகைச் சோறும் மென்மையாகும். உறைநிலைப் பெட்டியில் வைத்த சோறு, குளிர்சாதனப் பெட்டியில் வைத்த சோற்றைவிடக் குறைவாகவே விறைக்கும்.

வீட்டில் சேமிக்கும் முறை

சமைத்த சோற்றைப் பானையில் குவியலாக விடாது, அகன்ற தட்டில் பரப்பி ஆறவைக்க வேண்டும். குவியலின் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

குளிரூட்டுவதாயின் ஒரு மணி நேரத்திற்குள் 5 பாகை செல்சியசுக்குக் குறைவான வெப்பநிலையில் வைத்தல் நன்று. பிரித்தானிய உணவுத் தர முகமை ஒரு நாளுக்குள் உண்ணுமாறு அறிவுறுத்துகின்றது. உண்ணும்போது ஒருமுறை மட்டும் நடுவில் ஆவி பறக்கும் வரை சூடாக்க வேண்டும்.

நீரில் ஊறவைப்பதாயின் ஆறியவுடன் கொதித்தாறிய நீரைத் தூய பாத்திரத்தில் ஊற்றி, மறுநாள் காலையிலேயே உண்டுவிட வேண்டும். மதியச் சோற்றை இரவு வரை வெளியில் வைத்திருந்து பின் நீர் ஊற்றுதல் தவிர்க்கத்தக்கது. கோடை இரவுகளில் நுண்ணுயிர்கள் விரைவாகப் பெருகுவதால் கூடுதல் கவனம் தேவை. கைக்குழந்தைகளுக்கும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோருக்கும் புதிதாகச் சமைத்த சோறே ஏற்றது.

2018 நவம்பர் 16 அன்று கசா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தபோது, இப்பகுதியின் பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. திறக்கப்படாத குளிர்சாதனப் பெட்டியும் மின்தடையின்போது ஏறத்தாழ 4 மணி நேரமே குளிர்ச்சியைக் காக்கும். இத்தகைய நாட்களில் அளவாகச் சமைத்து உடனே உண்பதே பாதுகாப்பானது. எஞ்சியதை நீரூற்றி வைக்கத் தூய குடிநீர் இன்றியமையாதது.

பிற பகுதிகளில்

கேரளத்தில் பழங்கஞ்சி, ஒடிசாவில் பகாளா, வங்காளத்திலும் வங்காளதேசத்திலும் பந்தா பாத் என இதையொத்த உணவுகள் உள்ளன. இவையனைத்தும் வெப்பமும் ஈரமும் மிகுந்த நெல் விளையும் நிலங்களைச் சேர்ந்தவையாகும்.