கைதடிக்குப் பிள்ளைகள் போனார்கள், பெரியவர்கள் எங்கே போனார்கள்?

ஒக்டோபர் 15, வெள்ளைப் பிரம்பு தினம் வந்தால் எங்கள் மாணவர்கள் சித்திரம் கீறுவார்கள், பேச்சு எழுதிக்கொண்டு வருவார்கள். ஆனால் அந்தப் பிரம்புக்கு முதலில் வெள்ளை பூசியவர் யார் என்று கேட்டால் எங்களில் பலருக்குத் தெரியாது. அவர் பிறவியிலேயே பார்வையற்றவர் அல்ல. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துப் புகைப்படக்காரர், பெயர் ஜேம்ஸ் பிக்ஸ். வளர்ந்த பிறகு விபத்தில் பார்வை போனது. வீதியில் வாகனங்கள் கூடிப்போக, சாரதிகளின் கண்ணில் படட்டும் என்று 1921இல் தன் கைத்தடிக்கு வெள்ளை நிறம் அடித்தார்.

அவர் மட்டுமல்ல. வில்லியம் மூன் என்பவருக்கு 21 வயதில் பார்வை முற்றாகப் போனது. அப்போது இருந்த மேடெழுத்து முறைகள் பழகச் சிரமம் என்று கண்டு, ஆங்கில எழுத்தையே எளிமையாக்கி, தடவி வாசிக்கும் மேடெழுத்தாக 1845இல் வெளியிட்டார். பத்திரிகை முதலாளி ஆர்தர் பியர்சனுக்குக் கண் அழுத்த நோயால் பார்வை போனது. முதலாம் உலகப் போரில் கண்ணிழந்த சிப்பாய்களுக்காக 1915இல் லண்டனில் அவர் ஆரம்பித்ததுதான் சென்ட் டன்ஸ்டன்ஸ். பிரெயில், தட்டச்சு, கூடை பின்னுதல், கோழி வளர்ப்பு என்று அங்கே வளர்ந்த ஆண்கள் மறுபடி படித்தார்கள். அதே பெயரில் 1943இல் இந்தியாவின் டேராடூனிலும் ஒன்று வந்தது. தரையைத் தட்டித் தட்டி வழி அறியும் இன்றைய நீளப் பிரம்பு நடைகூட, 1944 அளவில் அமெரிக்க இராணுவ வைத்தியசாலையொன்றில் ரிச்சர்ட் ஹூவர் கண்ணிழந்த சிப்பாய்களுக்குப் பழக்கியதுதான்.

எங்கள் நாட்டில் கதை வேறு விதமாகத் தொடங்கியது. 1912இல் மேரி சாப்மன் என்ற மிஷனரிப் பெண்மணி செவிப்புலனற்ற, விழிப்புலனற்ற பிள்ளைகளுக்கான பாடசாலையை ஆரம்பித்தார். அதுதான் இரத்மலானைப் பாடசாலை. 1950களில் கைதடியில் நவீல்ட் பாடசாலை வந்தது. 1988இல் செல்வி அன்னலட்சுமி சின்னத்தம்பி சுன்னாகத்தில் வாழ்வகத்தைத் தொடங்கினார். அங்கிருந்து பல்கலைக்கழகம் போனவர்கள், ஆசிரியர்களாக வந்தவர்கள் இருக்கிறார்கள். மதிக்க வேண்டிய சேவை. ஆனால் இதனால் எங்கள் மனதில் ஒரு எண்ணம் பதிந்துவிட்டது: கண் தெரியாதவர்களுக்கான உதவி என்றால் அது பிள்ளைகளுக்கு, விடுதியில். ஐம்பது வயதில் பார்வை போன வாப்பாவுக்கு? அவருக்குச் சாய்மனைக் கதிரையும், "நீங்க ஒண்டும் செய்ய வேணாம், இருங்க" என்ற அன்பும்தான்.

இந்த அன்பு பொல்லாதது என்பது எங்கள் அபிப்பிராயம்.

கிணற்றுக்கு எத்தனை அடி, பள்ளிக்கு எத்தனை அடி, கடை முடக்கில் எந்தப் பக்கம் திரும்புவது என்ற கணக்குத்தான் பார்வை போனவருக்குப் பார்வை. 1990 ஒக்டோபரில் எங்களை வெளியேற்றியபோது வீட்டோடு சேர்த்து அந்தக் கணக்கும் பறிபோனது. 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கு நடந்தபோதும் அப்படித்தான். திரும்பி வந்தவர்களுக்கும் சோனகத் தெரு பழைய தெருவாக இருக்கவில்லை. கண்ணுள்ளவர்களே வழி கேட்ட தெரு.

இப்போது எங்களைச் சுற்றிப் பார்வையைத் தின்பதில் முன்னுக்கு நிற்பது சீனி வருத்தம். அது விழித்திரையை மட்டுமல்ல, விரல்நுனி உணர்வையும் மங்கவைக்கும். அதனால் சிலருக்குப் பிரெயில் வசப்படாது. ஆனாலும் முயன்று பார்க்கலாம். ஆறு புள்ளிகளுக்குள் தமிழ் முழுதும் அடங்கும். 247 எழுத்துக்கு 247 வடிவம் தேவையில்லை, "கி" என்றால் ககரத்துக்குப் பக்கத்தில் இகரம். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பிரெயில் முறை 1951இல் பெய்ரூத்தில் யுனெஸ்கோ கூட்டிய மாநாட்டை ஒட்டி ஒழுங்கானது. தமிழ்ப் பிரெயிலும் அதில் ஒன்று.

விரல் ஒத்துழைக்காவிட்டால் கைபேசி இருக்கிறது. அன்ட்ரொய்ட் போனில் டோக்பேக் என்று ஒன்று உண்டு. திரையை ஒருமுறை தொட்டால் தமிழில் வாசிக்கும், இருமுறை தட்டினால் திறக்கும். முதல் கிழமை எரிச்சல் வரும், பிறகு கை பழகிவிடும்.

சட்டமும் இருக்கிறது. விழிப்புலனற்றோர் புனர்வாழ்வுக்கு 1992ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் ஒரு நம்பிக்கை நிதியத்தை அமைத்தது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வேலையிலும் கல்வியிலும் வலுவிழந்தோரை ஒதுக்கக் கூடாது என்கிறது. இரண்டிலும் "பிள்ளைகளுக்கு மட்டும்" என்று இல்லை. பிரதேச செயலகத்தில் சமூக சேவைகள் உத்தியோகத்தர் இருக்கிறார். பெயரைப் பதியாமல் வீட்டில் இருந்தால் அவருக்கு எப்படித் தெரியும்? சீனி உள்ளவர்கள் பார்வை நன்றாக இருக்கும்போதே வருஷத்துக்கு ஒருமுறை கண் கிளினிக்கில் விழித்திரையைக் காட்டுங்கள். மங்கிய பிறகு போனால், போனதில் பெரும்பகுதி திரும்பாது.

எங்கள் மேல்வகுப்புப் பிள்ளைகள் சிலர் டோக்பேக்கைப் போட்டுக் கொடுத்துப் பழக்கிவிட ஆயத்தமாக இருக்கிறார்கள். வீட்டில் பார்வை குறைந்த பெரியவர் இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், பின்னேரத்தில் வருவோம். போனை மட்டும் சார்ஜ் பண்ணி வையுங்கள்.