பூங்காவில் எழுந்த குடிசைகள்

பூங்கா யாருக்கு உரியது? உலவ வருவோருக்கா, ஒதுங்க இடமற்றோருக்கா? இவ்வினா எழும்போதெல்லாம் நியூயார்க் நகரத்துச் சென்ட்ரல் பார்க்கின் வரலாறு என் நினைவுக்கு வருகிறது.

1929-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை வீழ்ந்தது. எண்ணற்றோர் வேலையும் வீடும் இழந்தனர். அவர்களுட் சிலர், அப்பூங்காவில் நீர் வடிக்கப்பட்டுக் கிடந்த பழைய நீர்த்தேக்கத்தில் தங்கலாயினர். 1931 ஜூலையில் 22 பேர் கைதாயினர். நீதிபதியோ தண்டனையை நிறுத்திவைத்து, தம் கைப்பணத்திலிருந்து ஆளுக்கு இரண்டு டாலர் அளித்தார்!

1932-இல் அங்கே 17 குடிசைகள் நின்றன. வேலையிழந்த கொத்தர்கள் செங்கல்லால் எழுப்பிய வீடும் அவற்றுள் ஒன்று. எனினும் குடிநீரும் கழிப்பிடமும் அருகில் இல்லை. நோய் பரவுமென்று சுகாதாரத் துறை தலையிட்டது. 1933 ஏப்ரலுக்குள் குடிசைகள் மறைந்தன, வறுமை மறையவில்லை.

வழக்கும் ஓயவில்லை. ஓரிகன் மாநிலத்துக் கிராண்ட்ஸ் பாஸ் நகரப் பூங்காக்களைப் பற்றிய வழக்கில், பொது இடத்தில் முகாமிடுவோரைத் தண்டிப்பது அரசியலமைப்பு விலக்கிய கொடுந்தண்டனை ஆகாதென 2024-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் அறுவர் தீர்ப்பளித்தனர், மூவர் மறுத்தனர்.

குழந்தைகள் ஆடுமிடம் தூய்மையாக இருக்கவேண்டுமென்னும் குடிமக்களின் கவலையை நான் இகழேன். ஆனால், மாணவ நண்பர்களே, “இங்கே உறங்காதே” என்பது பாதி விடைதான். “எங்கே உறங்குவது?” என்பதற்கும் விடை கூறுவதன்றோ நல்லாட்சி?