மதுரை வளர்த்த இதழ்கள்

மதுரை என்றதும் புலவர் நெஞ்சில் முதலில் தோன்றுவது தமிழ்ச் சங்கமே. இம்மண்ணின் தமிழுக்கு அச்சு இதழ்கள் ஆற்றிய தொண்டும் அதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

இதழ்கள் தழைக்கச் சட்டம் வழிவிட வேண்டும். இங்கிலாந்தில் அச்சு உரிமக் கட்டுப்பாடு 1695இல் முடிவுற்றது. 1701இல் நார்விச் நகரிலிருந்து வட்டாரச் செய்தித்தாள் வெளிவந்தது. இந்தியாவிலோ 1835ஆம் ஆண்டுச் சட்டமே உரிமத் தளையை நீக்கி, நாட்டவர் அச்சகங்கள் பெருக வழிவகுத்தது.

வள்ளல் பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்டார். அடுத்த ஆண்டே ரா. இராகவையங்காரை ஆசிரியராகக் கொண்டு 'செந்தமிழ்' இதழ் மலர்ந்தது. ஏடுகளில் துயின்ற நூல்களும் புலவர்தம் ஆய்வுகளும் அதன்வழி நாடெங்கும் பரவின.

அதே நகரில் வெளிவந்த 'விவேகபாநு' வேறொரு பேறு பெற்றது. பாரதியின் அச்சேறிய முதற் கவிதையாக அறியப்படும் 'தனிமை இரக்கம்' 1904 ஜூலையில் அவ்விதழில் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில திங்கள் தமிழாசிரியராக இருந்த அவர், பின்னர்ச் சென்னை சென்று 'சுதேசமித்திர'னில் சேர்ந்தார். தலைநகர் அறியுமுன்னரே அவ்விளங்கவிஞருக்கு இடந்தந்தது மதுரை இதழே.

புலவர்க்குரிய தமிழ் ஒருபுறம் வளர, பாமரர்க்குரிய தமிழும் இங்கேயே அச்சேறியது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942இல், நவம்பர் முதல் நாள், சி.பா. ஆதித்தனார் மதுரையில் 'தந்தி'யைத் தொடங்கினார். எளிய சொல், சிறிய வாக்கியம் என்னும் அதன் நடை, எழுத்துக்கூட்டிப் படிப்போரையும் வாசகராக்கிற்று. வண்டியூர்த் தெப்பக்குளத்தருகே 1949இல் கல்லூரி கண்ட கருமுத்து தியாகராசர் 'தமிழ்நாடு' நாளிதழையும் நடத்தினார். கல்விக்கும் இதழுக்கும் பொருள் ஈந்த கை ஒன்றே.

செந்தமிழும் எளிய தமிழும் ஒன்றையொன்று பகைத்தனவல்ல. ஒன்று மொழியின் வேரைக் காத்தது; மற்றொன்று நிழலை விரித்தது. கவிஞனுக்கு இரண்டும் வேண்டும்.

ஆயினும் நூலைப் பேணும் நாம் நாளிதழைப் பேணுவதில்லை. படித்த மறுநாளே அது பொட்டலத்தாளாகிறது. பழைய தொகுப்புகள் எடைக்குப் போகின்றன. ஊர்க் கவிஞரின் முதற்குரலும் அரங்கேற்றச் செய்தியும் இரங்கற்பாவும் அவற்றோடு அழிகின்றன. 'விவேகபாநு'வின் ஓர் இதழ் ஒரு மகாகவியின் தொடக்கத்தைக் காட்டுமெனில், நம் வீட்டுப் பரணில் கிடக்கும் கட்டில் எவருடைய தொடக்கம் உறைகிறதோ! பழந்தாள்களைத் தேடித் தொகுத்து நூலகங்களில் சேர்ப்பது இலக்கிய வட்டங்களின் கடன்.