அஞ்சல் சுமந்த மூதாட்டி

தூது என்னும் சிற்றிலக்கிய வகைக்கு இலக்கணம் கூறிய மரபு, தூது விடுதற்குரியன என அன்னம், மயில், கிளி, முகில், பூவை, பாங்கி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு ஆகிய பத்தினை எண்ணிக் காட்டுகிறது. இப்பத்தில் கால் நோக நடந்து, பனியிலும் மழையிலும் நனைந்து, கூலி பெற்றுச் செய்தி சுமக்கும் மனிதர் எவரும் இல்லை. பாங்கி ஒருத்தி உண்டு. அவளும் அன்பினால் செல்பவளே அன்றிக் கூலிக்குச் செல்பவள் அல்லள். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாரை நாம் போற்றுகிறோம். அது அரசவைத் தூது. எளிய மக்களின் கடிதங்களைச் சுமந்து சென்ற பெண்களைப் பற்றி நம் இலக்கியம் மட்டுமன்று, பிற நாட்டு வரலாற்று நூல்களும் மிகுதியாகப் பேசியதில்லை. நம் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, அத்தகைய ஒரு மூதாட்டியை நம் கவிஞர்களுக்கு அறிமுகம் செய்வது தகும் எனத் தோன்றியது. அவர் வட அமெரிக்காவின் மாண்டானா மாநிலத்தில், காஸ்கேட் என்னும் சிற்றூரில் வாழ்ந்த மேரி பீல்ட்ஸ் அம்மையார்.

அவர் வரலாற்றைத் தொடங்குமுன் ஒரு சட்டத்தைப் பற்றிக் கூறுதல் வேண்டும்.

1802ஆம் ஆண்டில் அமெரிக்க அஞ்சல் துறையின் தலைவராக இருந்தவர் கிடியன் கிரேஞ்சர். அவர் அவ்வாண்டு மார்ச் மாதத்தில் ஜார்ஜியா மாநில மேலவை உறுப்பினர் ஜேம்ஸ் ஜாக்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். தென்மாநிலங்களில் அஞ்சல் பைகளைக் குதிரையில் கொண்டு செல்லும் வேலையில் கறுப்பின அடிமைகள் பலர் அமர்த்தப்பட்டிருந்தனர். இது ஆபத்து என்பதே கடிதத்தின் சாரம். இவ்வேலைக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோர் சுறுசுறுப்பும் அறிவும் மிக்கவர்கள், அவர்கள் ஊர் ஊராகச் செல்கிறார்கள், பலரோடு பழகுகிறார்கள், செய்தி அறிகிறார்கள், மனிதனின் உரிமை அவன் தோலின் நிறத்தைப் பொறுத்ததன்று என்பதை நாளடைவில் அறிந்துகொள்வார்கள், அறிந்ததைத் தம் இனத்தார்க்கும் கற்பிப்பார்கள் என்று அவர் அஞ்சினார். 1791இல் ஹெய்ட்டித் தீவில் மூண்ட அடிமைகளின் எழுச்சி அவர் கண்முன் நின்றது. அதே 1802இல், வெள்ளையரான சுதந்திர மனிதர் அன்றி வேறெவரும் அஞ்சல் சுமக்கலாகாது எனச் சட்டம் இயற்றப்பட்டது.

கடிதம் எழுதியவனைக் கண்டு ஆட்சியாளர் அஞ்சுவது நாம் அறிந்ததே. கடிதத்தைச் சுமப்பவனைக் கண்டும் அஞ்சினர் என்பது இங்கே சிந்திக்கத்தக்கது. அந்த அச்சத்தில் ஒரு மறைமுகப் பாராட்டும் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். இச்சட்டம் உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், 1865 மார்ச் 3ஆம் நாள்தான் நீக்கப்பட்டது. அறுபத்து மூன்று ஆண்டுகள் அது நடப்பில் இருந்தது.

இச்சட்டம் நடப்பில் இருந்த காலத்தில், ஏறத்தாழ 1832ஆம் ஆண்டில், டென்னசி மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர் மேரி. பிறந்த நாள் அவருக்கே தெரியாது. அடிமைகளின் பிறப்பு, உடைமையாளரின் சொத்துக் கணக்கில் ஒரு வரியாக இடம்பெற்றால் உண்டு, இல்லையேல் இல்லை. போருக்குப் பின் விடுதலை பெற்ற அவர், மிசிசிப்பி ஆற்றில் ஓடிய நீராவிக் கப்பலொன்றில் பணிப்பெண்ணாக இருந்தார் என்று கூறுவர். பின்னர் ஒஹையோ மாநிலத்து டொலீடோ நகரில் உர்சுலின் சபைக் கன்னியர் மடத்தில் வேலைக்கு அமர்ந்தார். துணி வெளுத்தல், தோட்டம் பேணுதல் முதலியன அவர் பொறுப்பு. மேரி புல் வெட்டிச் சீராக்கிய தரையில் யாரேனும் கால் வைத்துவிட்டால் அவர்களைக் கடவுள்தான் காக்க வேண்டும் என்ற பொருள்பட அம்மடத்துக் கன்னியர் நினைவுகூர்ந்துள்ளனர். அவர் குரலும் கோபமும் மடத்தின் அமைதிக்கு ஒத்துவரவில்லை போலும். ஆயினும் மடத்தின் தலைவி மதர் அமடேயஸுக்கும் மேரிக்கும் இடையே நிலவிய நட்பு வாழ்நாள் முழுதும் நீடித்தது.

1884இல் மதர் அமடேயஸ் மாண்டானாவுக்குச் சென்றார். அங்கே புனித பேதுரு மிஷன் என்னும் நிலையத்தில் பிளாக்ஃபீட் முதலிய பழங்குடிகளின் பெண்மக்களுக்குப் பள்ளி நடத்துவது அவர் பணி. அடுத்த ஆண்டே அவர் நிமோனியாக் காய்ச்சலில் விழ, செய்தியறிந்த மேரி புறப்பட்டுச் சென்று பணிவிடை செய்து அவரைத் தேற்றினார். அங்கேயே தங்கியும் விட்டார். வயது ஐம்பதைக் கடந்த பெண்மணி, கோழி வளர்த்தார்; காய்கறி பயிரிட்டார்; கட்டடம் பழுது பார்த்தார்; தொலைவிலிருந்து சரக்குகளை வண்டியில் ஏற்றி வந்தார். ஓநாய்களைக் கண்டு மிரண்ட குதிரைகள் வண்டியைக் கவிழ்த்துவிட, இரவெல்லாம் தனியே காவல் நின்று விடியலில் சரக்கைச் சேர்த்தார் என்றொரு கதை வழங்குகிறது. உடைந்துபோன ஒரு பாகுப் பீப்பாயின் விலையை அவர் கணக்கில் பிடித்துக்கொண்டார்கள் என்பது அக்கதையின் எச்சம். கதையின் முற்பகுதி மிகையாக இருக்கலாம். பிற்பகுதியைப் புனைந்துரைக்க யாருக்கும் தேவையில்லை.

(அப்பள்ளியைப் பற்றி ஒரு சொல். பழங்குடிக் குழந்தைகளைத் தம் மொழியிலிருந்தும் வழக்கத்திலிருந்தும் பிரித்து வளர்த்த உறைவிடப் பள்ளிகளின் வரலாறு துயரமானது. அடிமைத்தனத்திலிருந்து மீண்ட ஒரு பெண்மணியின் உழைப்பு, மற்றோர் இனத்தின் மொழியிழப்பு நிகழ்ந்த இடத்திற்குப் பயன்பட்டது. மொழியைப் போற்றும் நாம் இதனைக் காணாதது போல் கடந்து செல்லல் ஆகாது.)

1894இல் மேரியின் மீது ஆயரிடம் முறையீடுகள் சென்றன. ஆடவர்களோடு சரிசமமாக மதுக்கடையில் குடிக்கிறார், சுருட்டுப் பிடிக்கிறார், சண்டையிடுகிறார் என்பன குறைகள். பணியாள் ஒருவனுடன் ஏற்பட்ட பூசலில் துப்பாக்கியும் தூக்கப்பட்டது. ஆயர் மேரியை மடத்திலிருந்து வெளியேறுமாறு ஆணையிட்டார். மதர் அமடேயஸின் உதவியுடன் காஸ்கேட் ஊரில் ஓர் உணவு விடுதி தொடங்கினார் மேரி. காசு உள்ளவர், இல்லாதவர் என்று பாராது உணவு இட்டார். விடுதி விரைவில் மூடப்பட்டதில் வியப்பில்லை.

இந்நிலையில்தான், 1895ஆம் ஆண்டில், காஸ்கேட்டிற்கும் மிஷனுக்கும் இடையே அஞ்சல் கொண்டு செல்லும் ஒப்பந்தம் அவருக்குக் கிடைத்தது. வயது அறுபதைக் கடந்திருந்தது. நம்மூரில் அவ்வயதில் பேரன் பேத்திகளோடு திண்ணையில் அமரலாம் என்று எண்ணுவோம்.

அந்த ஒப்பந்தத்தின் பெயர் கவிஞர்களுக்குச் சுவையளிக்கும். 1845இல் நிறைவேறிய அஞ்சல் சட்டம், இன்ன ஊர்தியில்தான் அஞ்சல் செல்ல வேண்டும் என்ற பழைய நிபந்தனையைக் கைவிட்டது. விரைவு, உறுதி, பாதுகாப்பு ஆகிய மூன்றுக்கும் பொறுப்பேற்று, எவர் குறைந்த தொகை கேட்கிறாரோ அவர்க்கே ஒப்பந்தம் என்றாயிற்று. பதிவேடுகளில் இம்மூன்று சொற்களையும் திரும்பத் திரும்ப எழுதிச் சலித்த எழுத்தர்கள் அவற்றுக்குப் பதிலாக மூன்று உடுக்குறிகளை இட்டனர். அதனால் அவ்வழிகளுக்கு 'ஸ்டார் ரூட்', அதாவது விண்மீன் தடம், என்று பெயர் நிலைத்தது. 1970 வரை அப்பெயர் துறையில் வழங்கியது. எழுத்தரின் கைவலி பிறப்பித்த இப்பெயரினும் அழகிய பெயரை எந்தக் கவிஞரும் சூட்டியிருக்க முடியாது.

பெயர் அழகியது, வேலை அப்படியன்று. ஒப்பந்தக்காரர் அஞ்சல் துறையின் ஊழியர் அல்லர். குதிரை அவருடையது, வண்டி அவருடையது, தீவனச் செலவும் அவருடையது. பிணைத்தொகை கட்ட வேண்டும். பிணைத்தொகை கட்டித் துறைக்குப் பொறுப்பேற்றவருக்கு, ஊழியருக்குரிய பாதுகாப்பு எதுவும் இல்லை. பெருமுதலாளிகள் சிலர் இம்முறையைப் பயன்படுத்தி, குறைவாகக் கேட்டு ஒப்பந்தம் பெற்றபின் உள்ளிருந்த அதிகாரிகளின் துணையோடு தொகையை உயர்த்திக் கொள்ளையடித்தனர்; 1881இல் அம்மோசடி வெளிப்பட்டு நாடே பேசியது. மேரி அந்த வகையைச் சேர்ந்தவர் அல்லர். 1895 முதல் 1899 வரையிலும், பின்னர் 1903 வரையிலும் நான்கு நான்கு ஆண்டுகளாக இரண்டு ஒப்பந்தங்களை நிறைவேற்றினார். எட்டு ஆண்டுகள்! குதிரைகளோடு 'மோசஸ்' என்ற பெயருடைய கோவேறு கழுதையும் அவரிடம் இருந்தது. அடிமை நாட்டிலிருந்து மக்களை மீட்டு நடத்திச் சென்ற விவிலியத் தலைவனின் பெயரை அக்கழுதை பெற்றிருந்ததை எண்ணிப் பார்க்கலாம். பனி மிகுந்து குதிரைகள் நகர இயலாத நாள்களில், பனிநடைக் காலணிகளை அணிந்து, பைகளைத் தோளில் சுமந்து நடந்தே சென்றார். மாண்டானாவின் பனிக்காலம் எத்தகையது என்பதை வெப்ப நாட்டவராகிய நாம் கற்பனை செய்துதான் அறிய வேண்டும்.

கறுப்பினப் பெண்களுள் விண்மீன் தடத்து அஞ்சல் சுமந்த முதல்வர் இவரே என்பது இன்று ஏற்கப்பட்ட செய்தி. பெண்களுள் முதல்வர் எனச் சிலர் எழுதுவது பிழை. 1845லேயே மேரிலாண்டில் சாரா பிளாக் என்னும் பெண்மணி தொடர்வண்டி நிலையத்திற்கும் அஞ்சலகத்திற்கும் இடையே பை சுமக்க நியமிக்கப்பட்டிருக்கிறார். ஒருவரை உயர்த்துவதற்காக மற்றவரை வரலாற்றிலிருந்து நீக்குதல் முறையன்று.

1903இல் ஒப்பந்தம் முடிந்தபோது மேரிக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது. ஓய்வூதியம் கிடையாது. ஆகவே ஊரில் துணி வெளுத்தார். வேலைக்குச் செல்வோரின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். மணம் செய்துகொள்ளாதவர், பெற்ற பிள்ளை இல்லாதவர், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாட்டியானார். பிறந்த நாள் அறியாத அம்முதியவர் தாமே ஒரு நாளைப் பிறந்த நாள் என்று கொண்டாட, அன்று ஊர்ப் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள் என்பர். ஊர்ப் பந்தாட்டக் குழுவின் மீது அவருக்குப் பெரும்பற்று. தம் தோட்டத்து மலர்களைச் செண்டாகக் கட்டி ஆட்டக்காரர்களுக்கு அளிப்பது வழக்கம். பெண்கள் மதுக்கடைக்குள் நுழையலாகாது என்று விதி வந்தபோது, ஊர்த் தலைவர் அவர் ஒருவருக்கு மட்டும் விலக்கு அளித்ததாகவும் சொல்வதுண்டு. 1912இல் அவர் வீடு தீக்கிரையானபோது ஊரார் ஒன்றுகூடி அதனை மீண்டும் கட்டிக் கொடுத்தனர்.

இவற்றையெல்லாம் படித்து உள்ளம் நெகிழ்கிறது. எனினும் ஓர் ஐயம் எழாமல் இல்லை. ஒருவருக்கு மட்டும் அளிக்கும் விலக்கு, விதியை அசைப்பதில்லை. ஊர் அவரை விரும்பியது உண்மை. அவரைப் பெயரோடு சேர்த்து 'கறுப்பு மேரி' என்று நிறம் சுட்டி அழைத்ததும் உண்மை. சார்லஸ் ரசல் என்னும் புகழ்பெற்ற ஓவியர் 1897இல் 'காஸ்கேட்டில் ஓர் அமைதியான நாள்' என்று கோட்டோவியம் ஒன்று வரைந்தார். அதில் மேரி இருக்கிறார். பன்றியொன்று மோதித் தள்ள, முட்டைக் கூடை கவிழ, தடுமாறி விழுகிறார். அது அவர் அஞ்சல் சுமந்துகொண்டிருந்த ஆண்டு. பனியில் பை சுமந்து நடந்த உருவம் ஓவியருக்குத் தோன்றவில்லை; நகைப்புக்குரிய உருவமே தோன்றிற்று.

பிற்காலத்தார் மற்றொரு கோடிக்குச் சென்றனர். மாண்டானாவில் பிறந்த நடிகர் கேரி கூப்பர், தாம் சிறுவராக இருந்தபோது கண்ட மேரியைப் பற்றி 1959இல் 'எபனி' இதழில் நினைவுகூர்ந்தார். அக்கட்டுரையால் அவர் புகழ் பரவியது. 'ஸ்டேஜ்கோச் மேரி' என்ற பெயர் ஓங்கியது. 2021இல் வெளிவந்த 'த ஹார்டர் தே ஃபால்' என்னும் திரைப்படத்தில் அப்பெயருடைய பாத்திரம் இளமையும் எழிலும் வாய்ந்த துப்பாக்கி வீராங்கனையாக வருகிறது. அறுபதைக் கடந்த, பருத்த உடலினரான, நாள்தோறும் ஒரே தடத்தில் சென்று மீண்ட மூதாட்டியைத் திரையில் காட்ட யாருக்கும் மனம் வரவில்லை. துப்பாக்கி அவரிடம் இருந்தது உண்மைதான். ஆனால் எட்டு ஆண்டுகள் பை தவறாமல் சேர்ந்ததற்குத் துப்பாக்கியா காரணம்? விடியலில் எழுந்து குதிரை பூட்டியதுதான் காரணம்.

அவர் சுமந்த கடிதங்களில் என்ன இருந்தன? கன்னியர் எழுதிய வேண்டுகோள்களும் கணக்குகளும், குடியேறிய உழவர்கள் தாயகத்து உறவினர்க்கு எழுதிய நலம் விசாரிப்புகளும் இருந்திருக்கும். அவரை வெளியேற்றிய ஆயரின் மடல்கள் மடத்திற்குச் செல்ல வேண்டியிருந்தால், அவையும் அவர் பையிலேயே சென்றிருக்கும். எந்த மடத்திலிருந்து விலக்கப்பட்டாரோ அம்மடத்தின் வாயிலுக்கே அரசின் அஞ்சல் பையோடு அவர் மீண்டும் மீண்டும் சென்று நின்றார். இக்காட்சியை நம் கவிஞர் எவரேனும் பாட வேண்டும் என்பது என் விருப்பம்.

1914 நவம்பரில் மாண்டானாவின் வாக்காளர்கள், பெண்களுக்கும் வாக்குரிமை வழங்கத் தீர்மானித்தனர். அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள், கிரேட் ஃபால்ஸ் நகரத்து மருத்துவமனையில் மேரி பீல்ட்ஸ் காலமானார். வயது ஏறத்தாழ எண்பத்திரண்டு. காஸ்கேட் ஊரார் திரண்டு சென்று, ஊருக்கு வெளியே, மிஷனுக்குச் செல்லும் சாலையை ஒட்டிய இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தனர்.