தன்னவர் கையால் விழுந்தவர்கள்

போர்க்களத்தில் எதிரியின் குண்டுக்குப் பலியானவனைப் பற்றிப் பேசத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. தன் தரப்பினரின் குண்டுக்கே பலியானவனைப் பற்றிப் பேச, நிலைபெற்ற சொல் ஒன்றுகூட நம்மிடம் இல்லை. ஆங்கிலத்தில் வழங்கும் சொற்றொடரை அப்படியே பெயர்த்தால் 'நேசச் சூடு' என்று வரும். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் அச்சொல்லைச் சொல்ல எவருக்கும் நா எழாது. 'தவறுதலான சூடு' என்றும் 'வெடிவிபத்து' என்றும் ஈழத்துப் பத்திரிகைகள் எழுதி வந்தன. அச்சொற்களும் அரிதாகவே அச்சேறின.

பத்திரிகைப் பணியின் பொருட்டு இரு தரப்பு முன்னாள் போர்வீரர்களோடும் பேசும் வாய்ப்பு எனக்குப் பல தடவை கிட்டியது. வென்ற சண்டையை அவர்கள் விரிவாகச் சொல்வர். தோற்ற சண்டையையும், யார் தவறு செய்தார் என்ற வாதத்தோடு சொல்வர். தம்மவர் சுட்டுத் தம்மவர் விழுந்த கதை மட்டும் வேறு விதமாக வரும். விடைபெற எழும் நேரத்தில், பெயரும் இடமும் இல்லாமல், "அது எங்கட ஆக்களின்ரை வெடிதான்" என்று ஒரே வரியில் வரும். மேற்கொண்டு கேட்டால் பேச்சு மாறிவிடும். உலகின் எந்த நாட்டு வீரரிடமும் இந்தத் தயக்கம் உண்டு. நம் நாட்டில் அந்தத் தயக்கத்துக்கு வேறு காரணங்களும் சேர்ந்துகொண்டன. அவற்றை விளங்கிக்கொள்ளக் கொக்கிளாயிலிருந்து தொடங்குவது பொருத்தம்.

முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில், கடலுக்கும் களப்புக்கும் இடையே கிடக்கும் ஊர் கொக்கிளாய். களப்பின் மறுகரையில் புல்மோட்டை. அது திருகோணமலை மாவட்டம். வடக்கே கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய், அதற்கப்பால் நாயாறு. மேற்கே மணலாற்றுக் காடு. வடக்கையும் கிழக்கையும் இணைக்கும் இந்தக் குறுகிய நிலத்துண்டைக் கைக்கொள்வதே போரின் தொடக்கத்திலிருந்து இரு தரப்பினதும் நோக்கமாயிற்று. 1984 நவம்பர் 30 ஆம் திகதி கென்ற், டொலர் பண்ணைகளில் குடியேற்றப்பட்டிருந்த சிங்கள மக்கள் கொல்லப்பட்டனர். மறுநாள் கொக்கிளாயிலும் நாயாற்றிலும் சிங்கள மீனவர் கொல்லப்பட்டனர். அதற்குப் பழியாகச் சுற்றுவட்டாரத் தமிழர் கொல்லப்பட்டனர். கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய் மக்கள் அந்த டிசெம்பரில் ஊர்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். 1988 இல் மணலாறு அரச ஏடுகளில் 'வெலிஓயா' ஆயிற்று.

1985 பெப்ரவரி 13 ஆம் திகதி கொக்கிளாய் இராணுவ முகாமை விடுதலைப் புலிகள் தாக்கினர். நிலைகொண்டிருந்த இராணுவ முகாம் ஒன்றின் மீது அவர்கள் நடத்திய முதற் பெருந்தாக்குதல்களில் ஒன்று அது. முகாம் வீழவில்லை. புலிகள் தம் தரப்பில் 16 பேரை இழந்தனர். படையினரின் இழப்பாகப் புலிகள் சொன்ன எண் நூறைத் தாண்டியது. அரசாங்கம் ஒப்புக்கொண்டதோ ஒரு சிலரை மட்டுமே. இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு, அவை ஒரே சண்டையைப் பற்றியவை என்று நம்புவதே கடினம்.

நான் சொல்ல வருவதற்கு இந்த எண்கள் முக்கியமானவை. இறந்தவரின் எண்ணிக்கையே ஆயுதமாகிவிட்ட போரில், இறந்தவன் எவ்வாறு இறந்தான் என்ற உண்மைக்கு இடம் இருக்காது. எதிரி கொன்றதாகச் சொன்னால் அவன் பெருமையடைவான் என்று எண்ணி மறைப்பதும் உண்டு. நாமே கொன்றதாகச் சொன்னால் நம் படை மனமுடையும் என்று எண்ணி மறைப்பதும் உண்டு. இரண்டிலும் இழப்பது வீரனின் குடும்பமே.

அக்காட்டில் இத்தகைய விபரீதங்கள் நிகழ வாய்ப்புகள் ஏராளம். 1988 இல் அளம்பில், நித்திகைக்குளம் காடுகளில் இந்தியப் படை புலிகளைத் தேடியது. 1995 ஜூலை 28 ஆம் திகதி மணலாற்றில் ஒரே நேரத்தில் ஐந்து முகாம்களைத் தாக்க முனைந்து, நூற்றுக்கும் மேற்பட்ட போராளிகளைப் புலிகள் பறிகொடுத்தனர். 2008 ஜனவரியில் இராணுவத்தின் 59 ஆவது டிவிசன் அக்காட்டு வழியே நகரத் தொடங்கி, ஓராண்டின் பின், 2009 ஜனவரி 25 ஆம் திகதி முல்லைத்தீவு நகரை அடைந்தது. பத்தடிக்கு அப்பால் முகம் தெரியாத காடு, இரவு நகர்வு, நள்ளிரவில் இடம் மாறும் காவலரண், பின்னாலிருந்து ஏவப்படும் எறிகணை. எதிரியின் சீருடையை அணிந்து ஊடுருவும் உத்தியும் இந்தப் போரில் கையாளப்பட்டது. தன் படையின் சீருடையில் வருபவனையே ஐயுறப் பழகிய காவலாளி, ஐயம் வந்த கணத்தில் சுடவும் பழகுகிறான். ஒரு ரோந்து அணி திரும்பி வரும் பாதையை முன்வரிசைக் காவலுக்குச் சரியாகச் சொல்லாமல் விட்டால் போதும். எறிகணை ஏவுபவனுக்கு வரைபடத்தின் ஓர் இலக்கம் பிழைத்தால் போதும்.

இந்த இக்கட்டு நம் முன்னோர் அறியாததன்று. மூவேந்தர் படைகளும் மோதும்போது யார் எவர் என்று பிரித்தறியவே சேரர் பனம்பூவும் பாண்டியர் வேம்பும் சோழர் ஆத்தியும் சூடினர் என்பது தொல்காப்பியப் புறத்திணையியல் தரும் செய்தி. இன்றைய விமானங்களில் பொருத்தப்படும் அடையாளக் கருவி செய்யும் வேலையும் அதுவே. நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பகைத்து நின்றபோது கோவூர்கிழார் இடையே புகுந்து பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. இருவர் சூடியதும் ஆத்தியே, எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்பது அவர் வாதம். அடையாளம் ஒன்றாயிருந்தும் பகை நேர்ந்ததை அவர் கண்டார். தன் படை என்று அறியாமலே பகையெனக் கொள்வது அதற்கு மறுதலையான அவலம்.

வன்னியின் தென்வாசலான வவுனியாவோடு தொடர்புடைய ஒரு நிகழ்வைப் பார்ப்போம். 2007 ஒக்டோபர் 22 ஆம் திகதி அதிகாலை 21 கரும்புலிகள் அநுராதபுரம் விமானப்படைத் தளத்துக்குள் புகுந்தனர். புலிகளின் இலகுரக விமானங்கள் இரண்டும் வந்து குண்டு வீசின. தளத்துக்கு உதவ வவுனியாவிலிருந்து புறப்பட்ட 'பெல் 212' ரக ஹெலிகொப்டர் மிகிந்தலைப் பகுதியில் விழுந்தது. அதிலிருந்த நால்வரும் இறந்தனர். தொழில்நுட்பக் கோளாறு என்பது அன்று சொல்லப்பட்ட காரணம். சொந்தத் தரப்பின் சூடே அதை வீழ்த்தியது என்ற பேச்சும் எழுந்தது. எது சரி என்று இங்கே தீர்ப்புக் கூற நான் முற்படவில்லை. எதிரியின் விமானம் வானில் உலவுகிறது என்று அறிந்த இரவில், இருளில் கேட்கும் எந்த இயந்திரத்தின் ஓசையும் தரையில் துப்பாக்கியோடு நிற்பவனுக்கு எதிரியின் ஓசையே. அந்தப் பேச்சு எழுந்ததற்கு அந்த இரவே போதுமான காரணம்.

இத்தகைய பேச்சைச் சரிபார்த்து எழுதும் வழி நம் பத்திரிகைகளுக்கு நெடுங்காலம் அடைக்கப்பட்டிருந்தது. 1998 ஜூன் முதல் 2001 மே வரை இராணுவச் செய்திகள் தணிக்கையின் கீழ் இருந்தன. களத்துக்குச் செல்லவும் பத்திரிகையாளருக்கு அனுமதி இல்லை. மறுபக்கத்திலோ புலிகளின் அறிக்கையைத் தவிர வேறு செய்திக்கு இடமில்லை. இரண்டு அறிக்கைகளுக்கும் நடுவே செய்தி எழுதியவர்களுக்கு, எவரும் ஒப்புக்கொள்ளாத மரணத்தை உறுதிப்படுத்த வழி ஏது?

உண்மை ஒப்புக்கொள்ளப்பட்ட நாடுகளிலும் அது எளிதாக நிகழவில்லை. 2019 பெப்ரவரி 27 ஆம் திகதி, இந்திய, பாகிஸ்தான் விமானங்கள் காஷ்மீர் வானில் மோதிக்கொண்ட காலைப் பொழுதில், இந்திய விமானப்படையின் எம்.ஐ.17 ஹெலிகொப்டர் பட்காம் என்னுமிடத்தில் விழுந்தது. படையினர் அறுவரும் தரையிலிருந்த பொதுமகன் ஒருவரும் இறந்தனர். அதை வீழ்த்தியது இந்தியாவின் சொந்த ஏவுகணை என்பதை அவ்வாண்டு ஒக்டோபரில் விமானப்படைத் தளபதி பதௌரியா பகிரங்கமாக ஏற்றுக்கொண்டு, பெருந்தவறு என்றார். இடைப்பட்ட ஏழு மாதங்களில் அந்நாட்டில் ஒரு பொதுத்தேர்தலே நடந்து முடிந்திருந்தது. ஆயினும் ஏற்றுக்கொண்டார்கள். விசாரணை நடந்தது, அதிகாரிகள் பொறுப்புக் கூறவேண்டி வந்தது.

பிரித்தானியக் கடற்படையின் கதை இன்னும் நெடியது. 1944 ஓகஸ்ட் 27 ஆம் திகதி பிரான்ஸின் லு ஹாவர் துறைமுகத்துக்கு அப்பால் கண்ணி அகற்றிக்கொண்டிருந்த கப்பல்களைப் பிரித்தானிய விமானப்படையின் டைஃபூன் விமானங்கள் ஜேர்மன் கப்பல்கள் என்று கருதித் தாக்கின. 'பிரிட்டோமார்ட்', 'ஹுஸார்' ஆகிய இரண்டும் மூழ்கின. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். விமானிகள் ஐயுற்று, இவை நம்முடையவையாகத் தெரிகின்றனவே என்று கேட்டபின்னரும் தாக்கும்படியே கட்டளை வந்தது. கப்பல்களின் பணி மாற்றப்பட்ட செய்தி, தெரிந்திருக்க வேண்டிய தலைமையகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. தப்பியவர்களிடம் இதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று சொல்லப்பட்டது. பல ஆண்டுகள் கழிந்த பின்னரே, முதியவர்களாகிவிட்ட அம்மாலுமிகளின் நினைவுகளிலிருந்து அன்றைய நாளின் முழு உருவம் வெளிவந்தது. ஆவணம் ஒளிக்கப்பட்டபோது நினைவே ஆவணமாயிற்று. அவர்கள் வாழ்ந்த நாட்டில் முன்னாள் படைவீரன் ஒருவன் தன் நினைவைச் சொல்ல அஞ்ச வேண்டியிருக்கவில்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

நம் நிலை அதுவன்று. புலிகளின் ஏடுகளில் 'வெடிவிபத்து' என்ற குறிப்பு இருந்தது. 1987 பெப்ரவரி 14 ஆம் திகதி கைதடியில், நாவற்குழி முகாமைத் தாக்கவென ஆயத்தப்படுத்திய வெடிமருந்து தவறுதலாக வெடித்து, பொன்னம்மான் உள்ளிட்ட போராளிகளும் பொதுமக்களும் மாண்டதை அவ்வியக்கம் விபத்து என்றே பதிந்தது; விபத்தில் மாண்டவர் மாவீரர் வரிசையிலிருந்து நீக்கப்படவில்லை. ஆயினும் இயக்கத்தின் ஆவணங்களில் பெரும்பகுதி 2009 இல் முள்ளிவாய்க்காலோடு போயிற்று. துயிலும் இல்லங்கள் இடித்தழிக்கப்பட்டன. எஞ்சிய முன்னாள் போராளிகள் வாய் திறந்தால் விசாரணைக்கு அழைக்கப்படுவோமோ என்று அஞ்சி வாழ்கின்றனர். மறுபக்கத்தில், ஓய்வுபெற்ற சிப்பாயும் 'போர்வீரர்' என்ற புகழுரைக்குள் அடைபட்டுக் கிடக்கிறான். அப்புகழுரையில் தோழனின் குண்டுக்கு இடமில்லை.

இந்த மௌனத்தின் விலை என்ன என்பதை 2023 ஜூனில் கொக்குத்தொடுவாய் காட்டியது. நீர்க்குழாய் பதிக்க நிலத்தைத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. நீதிமன்றக் கட்டளையின் பேரில் பேராசிரியர் ராஜ் சோமதேவ முதலியோரின் பங்கேற்போடு நடந்த அகழ்வு 2024 ஜூலையில் நிறைவுற்றபோது, மீட்கப்பட்ட எலும்புக்கூடுகளின் தொகை 52. புலிகளின் சீருடைத் துணிகளும் இலக்கத் தகடுகளும் கிடைத்தன. 1994 க்கும் 1996 க்கும் இடையே புதைக்கப்பட்டவை என்பது அகழ்வாய்வின் கணிப்பு. அவர்கள் சண்டையில் விழுந்தவர்களா, பிடிபட்டபின் கொல்லப்பட்டவர்களா, எவருடைய குண்டு எவரைத் துளைத்தது என்பதைச் சட்ட மருத்துவம் ஓரளவே சொல்லும். மிச்சத்தைச் சொல்லக் கூடியவர்கள் அந்நாளில் அங்கு நின்றவர்கள். அவர்களில் எத்தனை பேர் இன்று உயிரோடு இருக்கின்றனர்?

'எப்படிச் செத்தால் என்ன, செத்தவன் திரும்பியா வரப்போகிறான்' என்று கேட்பவர்கள் உண்டு. வன்னியில் காணாமற்போனோரின் தாய்மார் 2017 பெப்ரவரி முதல் தெருவில் அமர்ந்து கேட்டது அந்தக் கேள்விக்கு மறுமொழிதான். இறந்தான் என்றால் எங்கே, எப்போது, எப்படி என்று சொல் என்பதே அவர்களின் கோரிக்கை. தோழனின் குண்டுபட்டு விழுந்தவனின் தாய்க்கும் அந்த உரிமை உண்டு. சுட்டவனுக்கும் அது தேவை. தன் கையால் தோழன் வீழ்ந்ததை முப்பது ஆண்டுகளாகத் தனியே சுமப்பவன், அது தன் ஒருவனின் குற்றமன்று, போய்ச் சேராத ஒரு செய்தியின் விளைவு என்று அறிந்துகொள்ளும் நாள் அவனுக்கு ஒரு விடுதலையாகலாம்.

இரு தரப்பிலும் எஞ்சியிருப்பவர்கள் முதுமையை எட்டிக்கொண்டிருக்கிறார்கள். பெயரைச் சொல்ல அஞ்சினால் பெயரின்றி எழுதட்டும். இன்று வெளியிட முடியாவிட்டால் எழுதி மூடி வைக்கட்டும். நாள், இடம், அணி, என்ன செய்தி எவருக்குப் போய்ச் சேரவில்லை என்ற நான்கு விவரங்கள் இருந்தால் பின்னாளில் வரலாறு எழுதுபவனுக்கு அது போதும். எதிரி கொன்ற கணக்கை இரு தரப்பும் எழுதி வைத்துவிட்டன. தன்னவர் கையால் விழுந்தவர்களின் கணக்கு இன்னும் எழுதப்படாமலே இருக்கிறது.