வீதியில் உலவிய சித்திரக்கூடம்

அழகு என்பது அளவோடு அமைவது என்பர். வண்ணம் மிகுந்தால் பகட்டு, அணி மிகுந்தால் ஆரவாரம், படம் பளபளத்தால் பாமர ரசனை என்று தீர்ப்பு வழங்கிவிடுவது கற்றோர் வழக்கம். அத்தீர்ப்பு எக்காலத்தும் நேர்மையானதுதானா? இதனை ஆராய்ந்தறிய விரும்பும் நமக்கு வங்காள தேசத்தின் தலைநகராம் டாக்காவின் ரிக்‌ஷா வண்டிகள் நல்லதொரு பாடமாக அமைந்துள்ளன.

மிதித்தோட்டும் ரிக்‌ஷா 1930களின் பிற்பகுதியில் கல்கத்தாவிலிருந்து அப்பகுதிக்கு வந்தது. 1941-ஆம் ஆண்டில் டாக்காவில் இருந்தவை வெறும் 37 வண்டிகள். நாடு பிரிந்த 1947-இல் அத்தொகை 181 ஆயிற்று. பின்னர் நகரம் வளர வளர அவை பல இலட்சங்களாகப் பெருகின.

வண்டிகள் பெருகிய வேளையில் அவற்றை அழகு செய்யும் வழக்கமும் வளர்ந்தது. ஒன்றைப் போலவே மற்றொன்று இருக்குமாயின், எதனை எவர் திரும்பிப் பார்ப்பர்? ஆகவே உரிமையாளர்கள் தம் வண்டியின் மேற்கூரைக்குப் பூவேலையும் குஞ்சமும் சேர்த்தனர். இருக்கைக்குப் பின்னே, சக்கரங்களுக்கிடையே உள்ள தகரப் பலகையில் எனாமல் வண்ணத்தால் சித்திரம் தீட்டச் செய்தனர். அப்பலகையில் ஒரு புதுமையை நாம் காணலாம். வண்டியை மிதிப்பவர் அதனைக் காண இயலாது. அமர்ந்து செல்பவரும் காண இயலாது. பின்னே வரும் முகமறியா மனிதருக்காகவே அது தீட்டப்பட்டது. ஏறிச் செல்லக் காசில்லாத ஏழையும் அதனைக் கண்டு மகிழலாம்.

தீட்டியவர்கள் ஓவியக் கல்லூரியின் வாயிலை மிதித்தவர்கள் அல்லர். உஸ்தாதின் அருகமர்ந்து, தூரிகை கழுவிக் கொடுத்து, பார்த்துப் பார்த்துப் பழகியவர்களே மிகப் பலர். முதல் தலைமுறையினருள் ஆர்.கே. தாஸ், அலாவுத்தீன் ஆகியோரின் பெயர்கள் இன்றும் பேசப்படுகின்றன. இந்துவும் முஸ்லிமும் ஒரே தொழிலில் ஒருங்கே கை நனைத்தனர் என்பதற்கு இப்பெயர்களே சான்று.

அவர்கள் தீட்டாத பொருள் இல்லை. தாஜ்மகால், பள்ளிவாசல், ஆற்றங்கரைக் குடிசை, மயில், திரைப்பட நடிகரின் முகம், 1971-இல் நடந்த விடுதலைப் போரின் காட்சி ஆகிய யாவும் தகரத்தில் ஏறின. தாஜ்மகாலை நேரில் காணாத கை தீட்டிய தாஜ்மகாலுக்கு முன்னே தாமரைக் குளமும் இருக்கும். வானம் இளஞ்சிவப்பாகவும் இருக்கும். இலக்கணம் கற்றோர் இதனைப் பிழை என்பர். ஆயினும், ஒரே பொருளைப் பலர் தீட்டியும் ஒருவர் கைவண்ணம் மற்றவரதை ஒத்திருக்கவில்லை. அந்தத் தனித்தன்மையை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது.

1970களின் நடுப்பகுதியில் ரிக்‌ஷாக்களில் மனித உருவம் தீட்டலாகாது எனும் தடை எழுந்தது. உருவம் வரைதல் குறித்து மார்க்க அறிஞர்கள் கூறுவனவற்றை நாம் அறிவோம். அவ்வாராய்ச்சி இங்கு நம் நோக்கமன்று. தடையை எதிர்கொண்ட ஓவியர்கள் செய்ததே நம் கருத்தை ஈர்க்கிறது. மனிதர் செய்வன யாவற்றையும் அவர்கள் விலங்குகளிடம் ஒப்படைத்தனர். நரியார் நாற்சந்தியில் நின்று போக்குவரத்தை ஒழுங்கு செய்தார். புலியார் ரிக்‌ஷா மிதித்தார். முயல்குட்டி பையைத் தோளில் மாட்டிப் பள்ளிக்கூடம் சென்றது. வழி அடைபட்ட இடத்தில் எளியவரின் கற்பனை நகைச்சுவையாகப் பீறிட்டது. அடக்கமும் அளவும் மட்டுமே கலை என்று கருதியிருந்தால் இச்சித்திரங்கள் பிறந்திருக்குமா?

உலகம் மெல்லவே விழித்தது. 1988-இல் இலண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சார்ந்த மானிடவியல் காட்சிக்கூடத்தில் இவ்வோவியங்கள் வைக்கப்பட்டன. ஜப்பானின் ஃபுகுவோகா ஆசியக் கலைக்கூடமும் இவற்றைச் சேகரித்துள்ளது. 2023 டிசம்பரில் ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானாவில் கூடிய யுனெஸ்கோ குழு, டாக்காவின் ரிக்‌ஷாக்களையும் ரிக்‌ஷா ஓவியத்தையும் மானிட குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சந்தைச் சரக்கு என ஒதுக்கப்பட்டது உலகச் செல்வமாயிற்று.

மகிழ வேண்டிய செய்திதான். ஆயினும், அந்த மகுடம் வந்த வேளையில் தூரிகை பிடித்த கைகள் பெரிதும் குறைந்துவிட்டன. இயந்திரம் அச்சிட்ட படம் மலிவாகக் கிடைக்கும்போது கையால் தீட்டுபவருக்குக் கூலி கொடுப்பார் யார்? மின்கலத்தால் ஓடும் வண்டிகள் பழைய ரிக்‌ஷாவின் இடத்தைப் பிடித்து வருகின்றன. எஞ்சிய ஓவியர் சிலர் தேநீர்க் கெண்டியிலும் தட்டிலும் தீட்டி, வசதி படைத்தோரின் வரவேற்பறைக்கு அனுப்புகின்றனர். வீதியில் எவரும் காசின்றிக் கண்ட சித்திரம், விலை கொடுப்பவரின் அலமாரிக்குள் அடங்கிவிட்டது.

கண்ணைப் பறிக்கும் வண்ணமெல்லாம் உயர்ந்த கலை என்று நாம் வாதாட வரவில்லை. தன் கையில் கிடைத்த சிறு தகரத்தில் 'நானும் இருக்கிறேன்' என எழுதிச் சென்ற எளியவரை எள்ளி நகையாடும் உரிமை நமக்கில்லை என்பதே நாம் கூறுவது. அருங்காட்சியகம் அழைத்த பின்னர் போற்றுவது எவர்க்கும் எளிது. உழைப்பவர் தம் பட்டறையில் அமர்ந்திருக்கும்போதே அவர் கைவேலையை நின்று பார்த்து, உரிய கூலியும் தந்து மதிப்போமாக.