நலந்தானா கேட்ட மாப்பிள்ளை

நான் காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். "நம்ம நாதஸ்வரத்துக்கு ஐரோப்பாவில் ஒரு தம்பி உண்டு, பேர் ஓபுவா" என்பார் எங்கள் வாத்தியார். இரண்டுமே சீவாளி வைத்து ஊதுகிற வாத்தியங்கள்.

1968 ஜூலையில் ‘தில்லானா மோகனாம்பாள்’ வெளிவந்தது. கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை அது. கோபுலுவின் ஓவியங்களோடு வந்தது. படத்தை இயக்கியவர் ஏ.பி. நாகராஜன், இசை கே.வி. மகாதேவன். கதாநாயகன் சிக்கல் சண்முகசுந்தரம். சிக்கல் எங்களுக்குத் தெரிந்த ஊர் என்பதால் இன்னும் பெருமை.

திரையில் சிவாஜியும் ஏ.வி.எம். ராஜனும் வாத்தியத்தைப் பிடித்திருப்பார்கள். மூச்சு மட்டும் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. வித்வானும் நாட்டியக்காரியும் காதலைப் பேசிச் சொன்னதைவிட வாசித்தும் ஆடியும் சொன்னதே அதிகம். கத்திக்குத்துப் பட்டுத் தேறி வந்தவரிடம், சபை நிறைந்திருக்க, பத்மினி ஆடிக்கொண்டே நலம் விசாரிப்பார். அதுதான் ‘நலந்தானா’. கண்ணதாசன் பாட்டு, சுசீலாவின் குரல்.

பிறகு இராமநாதபுரத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. பெண்ணும் அந்தப் பக்கத்திலேயே அமைந்தது. 1977இல் இராமேஸ்வரத்தில் கல்யாணம். முதல் நாள் இரவு ஒரு பெரியவர் தோடி வாசித்துக்கொண்டிருந்தார். புது மாப்பிள்ளை மிதப்பில் நான் ஒரு சீட்டு எழுதி அனுப்பினேன்: ‘நலந்தானா வாசிக்கவும்.’

அவர் சீட்டைப் பார்த்தார். தோடியைப் பாதியில் இறக்கிவிட்டு அதையே வாசித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுநாள் தாம்பூலம் கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டார்: "மாப்பிள்ளை, அந்தப் படத்துல வெடிச் சத்தம் குறுக்கே வந்ததுக்கே வித்வான் வாத்தியத்தை இறக்கிட்டு எழுந்துடுவார், இல்லையா?"

"ஆமாங்க" என்றேன்.

"அவருக்கு முடியும்" என்று சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. கொட்டகையில் அந்தக் காட்சிக்குக் கைதட்டியவன் நான்தான். கலைஞனின் ரோஷம் திரையில் இருந்தால் நமக்குப் பிடிக்கிறது. கல்யாண வீட்டில் அவருக்குக் கூலி கொடுக்கிறோம், சீட்டும் கொடுக்கிறோம்.

அந்தப் பெரியவர் இன்று இல்லை. என் பேத்தி கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் தோடியைத் தொட்டபோது, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார் பக்கத்தில் இருந்த சம்பந்தி. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "முடியட்டும் சம்பந்தி" என்றேன்.

முக்கால் மணி நேரம் வாசித்தார்.